தேர்வுக் கட்டணம் 300 ரூபாய், வண்டி யாருடையது?

பெரும்பாக்கத்தில் ஞாயிறுதோறும் நாங்கள் நடத்தும் படிப்பு வட்டத்துக்கு ஒரு தம்பி வருவார். வயது 21. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து அள்ளி வரப்பட்டு, இங்கே வாரியக் குடியிருப்பின் எட்டு மாடிக் கட்டடங்களில் கொட்டப்பட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. வேளச்சேரியில் கட்டில், பீரோ ஏற்றி இறக்கும் குட்டி யானை ஒன்றில் லோடுமேன் வேலை. அந்த வண்டியில் லோடுமேன் சீட்டுக்கும் டிரைவர் சீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு கியர் ராடு மட்டும்தான். அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தால் கூலி கூடும், முதுகு பிழைக்கும். போன மாதம் அவர் மூன்றாவது முறையாக கார் டெஸ்டில் ஃபெயில் ஆனார்.

"எட்டு ஒரே தடவையில போட்டுட்டேன்கா. காருதான் படுத்துது" என்றார்.

முதல் தடவை வண்டி நகர்ந்தவுடனே ஆஃப் ஆகிவிட்டது. அவர் ஓட்டிப் பழகியது குட்டி யானை. எல் போர்டு மாட்டி, டிரைவர் அண்ணன் பக்கத்தில் உட்கார, குடோன் வளாகத்துக்குள் பழகியது. தேர்வுக்கு ஏறியதோ டிரைவிங் ஸ்கூலிடம் அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்த கார். அந்த காரின் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பது அவருடைய காலுக்குத் தெரியாது. இரண்டாம் தடவை ரிவர்ஸில் கோடு தாண்டியது. மூன்றாம் தடவை என்ன ஆனது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. "பயந்துட்டேன்கா, இன்னொரு முந்நூறு போச்சேன்னு நெனச்சிக்கிட்டே ஓட்டினேன்" என்றார். பிரேக் இன்ஸ்பெக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். வண்டி நின்றுபோனால் ஃபெயில்தான். அப்படித்தான் இருக்க வேண்டும்.

அவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். எங்கள் வட்டத்தில் யாரும் செய்யாத வேலை அது. பைக், கார் இரண்டுக்கும் சேர்த்து எல்.எல்.ஆர். 300. எல்.எல்.ஆர். தேர்வுக்கு 50. ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு வகைக்கு 300 வீதம் 600. லைசென்ஸுக்கு 200. ஆக 1,150. கார் மறுதேர்வு இரண்டுக்கு 600. மொத்தம் 1,750 ரூபாய், லைசென்ஸ் இன்னும் கையில் இல்லை. இது மோட்டார் வாகன விதி 32இன் அட்டவணைப்படி அரசுக்குப் போன பணம் மட்டும். அதற்குக் கீழே வேறு மையில் இன்னொரு பட்டியல் இருக்கிறது: மூன்று நாள் கூலி, மூன்று முறை கார் வாடகை, பஸ், டீ. அந்தப் பட்டியலின் கூட்டுத்தொகையை அவர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தக் கட்டணம் எப்போது இப்படி ஆனது? 2016 டிசம்பர் 29. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அன்று வெளியிட்ட அறிவிக்கையில், அதுவரை 50 ரூபாயாக இருந்த ஓட்டுநர் தேர்வுக் கட்டணம் 300 ஆனது. 30 ரூபாயாக இருந்த எல்.எல்.ஆர். கட்டணம் 150 ஆனது. டிரைவிங் ஸ்கூல் உரிமத்துக்கான கட்டணம் 2,500இலிருந்து 10,000 ஆனது. அந்தத் தேதியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் தோழர்களே. செல்லாது என்று அறிவிக்கப்பட்ட 500, 1,000 ரூபாய் நோட்டுகளை வங்கியில் கட்டக் கடைசி நாள் டிசம்பர் 30. வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டு இரண்டரை வாரம்தான் ஆகியிருந்தது. ஏ.டி.எம். வாசலில் நாடே வரிசையில் நின்றிருந்தபோது ஆறு மடங்கு கட்டண உயர்வு சத்தமில்லாமல் அரசிதழில் ஏறியது. டிசம்பர் 28ஆம் தேதி லோடுமேனுக்கு இருந்த கூலிதான் 29ஆம் தேதியும் இருந்தது.

"300 ரூபாய் ஒரு தொகையா தோழர்? ஒரு பிரியாணி விலை" என்று கேட்கும் நண்பர்கள் எனக்கும் உண்டு. ஒரே தடவையில் தேறுகிறவர்களுக்கு அது பிரியாணி விலைதான். அட்டவணையில் இருக்கும் சொற்களைப் பாருங்கள்: தேர்வு அல்லது மறுதேர்வு, ஒவ்வொரு வகை வாகனத்துக்கும். ஒவ்வொரு தோல்விக்கும் மறுபடி முழுக் கட்டணம். ஆகவே இந்தக் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றல்ல. தேர்வுக்கு முன் நன்றாகப் பழக வண்டி கிடைத்தவருக்கு 300, கிடைக்காதவருக்கு 900, 1,200. சட்டத்தின் 9ஆம் பிரிவு இதற்கு மேல் காத்திருப்பையும் சேர்க்கிறது. தோற்றால் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி வர முடியும். மூன்று முறை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும். அப்படித் தோற்றவர் டிரைவிங் ஸ்கூலில் திருத்தப் பயிற்சியும் பெற வேண்டும் என்று 2019 திருத்தம் எழுதி வைத்திருக்கிறது. எல்.எல்.ஆருக்கு ஆயுள் ஆறே மாதம். முதல் 30 நாள் தேர்வுக்கே போக முடியாது. இடையில் எல்.எல்.ஆர். காலாவதியானால் மறுபடி முதல் வரியிலிருந்து கட்ட வேண்டும். ஏழையின் நேரத்துக்கு விலை இல்லை என்று நினைக்கிறவர்கள்தான் இப்படி ஒரு அட்டவணையைப் போட முடியும்.

தேர்வுக்கு வண்டியை யார் கொண்டுவருவது? எந்த வகை வாகனத்துக்கு உரிமம் கேட்கிறோமோ அந்த வகை வாகனத்தில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும் என்கிறது சட்டம். நியாயம்தான். ஆனால் அந்த வண்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிற்பதில்லை. நாம்தான் கொண்டுபோக வேண்டும். எங்கள் தம்பியின் முதலாளி வேலை நாளில் குட்டி யானையைத் தர மாட்டார். அவர் கெட்டவர் அல்ல. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்தானால், பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும் பணத்தை வண்டியின் உரிமையாளரிடமே திருப்பி வசூலிக்க வழி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதே முதலாளியின் மகனும் கிட்டத்தட்ட தம்பியின் வயதுதான். பதினெட்டு முடிந்த கையோடு ஒரே தடவையில் லைசென்ஸ் வாங்கிவிட்டார். வீட்டில் கார், பக்கத்து சீட்டில் அப்பா, ஞாயிறு காலையில் ஆள் இல்லாத லேஅவுட் சாலை. அவர் தேர்வுக்குக் கொண்டுபோனது மாதக்கணக்கில் தான் பழகிய வண்டி. இரண்டு பேரையும் ஒரே தளத்தில், ஒரே இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தி, ஒரே கட்டணம் வாங்கி, இதுதான் தகுதித் தேர்வு என்கிறோம். நீட் பற்றிப் பேசும்போது நமக்கு உடனே புரியும் ஒரு விஷயம், ஸ்டீயரிங் விஷயத்தில் மட்டும் ஏனோ புரிவதில்லை.

வண்டி ஓட்டத் தெரிவது தனிமனிதத் திறமை மட்டும்தானா என்று கேட்டால் நான் அண்ணல் அம்பேத்கரின் சாலிஸ்காவ் விபத்தைச் சொல்வேன். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் அவரே எழுதியிருக்கிறார். 1929. தீண்டப்படாதோரின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசு போட்ட குழுவில் அவர் உறுப்பினர். சாலிஸ்காவ் மகர்வாடா மக்கள் ஒரு இரவு தங்கிவிட்டுப் போகச் சொல்கிறார்கள். குதிரை வண்டிக்காரர்கள் யாரும் ஒரு தீண்டப்படாதவரை ஏற்றி ஓட்டத் தயாராக இல்லை. ஒரு மணி நேரப் பேரத்துக்குப் பிறகு, வண்டியை மட்டும் வாடகைக்குத் தர ஒருவர் ஒப்புக்கொள்கிறார். ஓட்ட மாட்டாராம். விருந்தினரை நடக்க வைப்பது மரியாதையில்லை என்று, ஓட்டத் தெரியாத மகர் ஒருவரே கடிவாளத்தைப் பிடிக்கிறார். வழியில் ஒரு கார் மோதியிருக்கும், தப்பியது. ஆற்றுப் பாலத்தில் சக்கரம் கல்லில் மாட்டி, அண்ணல் தூக்கி எறியப்பட்டார். கால் முறிந்து பல நாள் நடக்க முடியவில்லை.

இதை நாம் பெரும்பாலும் வண்டிக்காரரின் சாதித் திமிரைச் சொல்வதற்காகப் பேசுகிறோம். பாரிஸ்டர் பட்டம் பெற்றவரைவிடத் தன்னை உயர்ந்தவராக அந்த வண்டிக்காரர் நினைத்தார் என்பதை அண்ணலும் சுட்டுகிறார். ஆனால் எனக்கு அந்தப் பெயர் தெரியாத மகர்தான் மனதில் நிற்கிறார். ஓட்டத் தெரிந்தவர் வர மறுத்தார். வர முன்வந்தவருக்கு ஓட்டக் கற்க ஒரு வாய்ப்பும் இருந்ததில்லை. அன்று அவரை ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தியிருந்தால் ஃபெயில் போட்டிருப்பார், சரியாகத்தான் போட்டிருப்பார். அவர் ஏன் ஃபெயில் ஆனார் என்பதற்கான காரணம் அந்தத் தளத்தில் இல்லை. இதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்கிறவர்களுக்கு: சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், 2025 பிப்ரவரியில், ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதைப் பொறுக்காமல்தான் வெட்டினார்கள் என்பது குடும்பத்தாரின் புகார். நம் பிள்ளைகள் எந்தக் கையால் கியர் போடப் பழகுகிறார்கள் என்பதை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். டி.என். 11, 14, 22: தாம்பரம், சோழிங்கநல்லூர், மீனம்பாக்கம். தென்சென்னைப் புறநகரில் எங்கள் வாழ்க்கை பெரும்பாலும் இந்த மூன்று நம்பர் பிளேட்டுக்குள்தான். நான் ஸ்கூட்டி பழகியது 26 வயதில், மேற்குத் தாம்பரத்தில் ஒரு மைதானத்தில், தோழி ஒருத்தியிடம் கடன் வாங்கிய வண்டியில். எங்கள் தெருவில் அதற்கு முன் வண்டி ஓட்டிய பெண் கிடையாது. எட்டு போடும்போது இரண்டாவது வளைவில் கால் தரையைத் தொட்டுவிட்டது. ஃபெயில். வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் அடுத்த தடவைக்கு அம்மாவிடம் பணம் கேட்க எனக்கு நாலு மாதம் ஆனது. கேட்கத் துணிச்சல் வராததுதான் காரணம். அந்த வீட்டில் 300 ரூபாயே இல்லாமல் போகவில்லை. ஒரு பெண் பிள்ளை ஒருமுறை தோற்றால் "உனக்கெதுக்கு இதெல்லாம்" என்று முடித்துவிட நம் வீடுகளுக்கு ஒரு காரணம் போதும். அரசு அந்தக் காரணத்தை ரசீதோடு கொடுக்கிறது.

2018 பிப்ரவரியில் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தபோது நடந்தது நினைவிருக்கலாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். அதில் 21 விழுக்காடு பட்டியல் சாதிப் பெண்களுக்கு. நல்ல திட்டம், கட்சி பார்க்காமல் சொல்லலாம். ஆனால் விண்ணப்பிக்க ஓட்டுநர் உரிமமோ எல்.எல்.ஆரோ வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் பெண்கள் கூட்டம் அலைமோதியது. வண்டி வாங்க மானியம் கொடுத்த அரசு, ஓட்டக் கற்க எதுவும் கொடுக்கவில்லை. தாட்கோவின் வாகனக் கடனும் இப்படித்தான். மானியம் உண்டு, உரிமம் முன்கூட்டியே வேண்டும். வீட்டுக்குக் கதவு இலவசம், படிக்கட்டை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்பதைப் போல.

கட்டணம் என்றால் என்ன என்பதைப் பற்றி நம் மண்ணிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954இலேயே பேசியிருக்கிறது. சிரூர் மட வழக்கு. மடங்களின் வருமானத்தில் ஒரு பங்கைச் சென்னை மாகாண அரசு வசூலித்ததை எதிர்த்து மடாதிபதி போனார். வரி வேறு, கட்டணம் வேறு. கட்டணம் வாங்கினால் அதற்கு ஈடாக ஒரு சேவை இருக்க வேண்டும். அரசு வாங்கியது உண்மையில் வரிதான், அதைப் போட அதற்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பு வந்தது. மடாதிபதி வென்றார். பிற்காலத் தீர்ப்புகள் அந்த அளவுகோலை நிறையவே தளர்த்திவிட்டன, அது எனக்குத் தெரியும். சட்டப்படி இந்த 300 ரூபாய் செல்லும் செல்லாது என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. ஆனால் மடாதிபதி கேட்ட கேள்வியை லோடுமேனும் கேட்கலாம் அல்லவா? 300 ரூபாய்க்கு எனக்குக் கிடைக்கும் சேவை என்ன? வண்டி என்னுடையது. பெட்ரோல் என்னுடையது. கற்றுக்கொண்டது என் செலவில். விடுப்பு என் கூலியில். எதில் தவறினேன், அடுத்த முறை எதைச் சரி செய்ய வேண்டும் என்று உட்கார வைத்துச் சொல்லவாவது செய்கிறார்களா? ஐந்து பத்து நிமிடப் பார்வை, ஒரு தலையாட்டல். இதற்கு ஆறு மடங்கு.

அரசு பதில் சொல்லும்: நவீனப்படுத்துகிறோம், சென்சார் வைத்த தானியங்கித் தேர்வுத் தளங்கள் வருகின்றன, ஊழல் ஒழியும். வரட்டும். லஞ்சம் போனால் முதலில் மகிழ்வது நாம்தான், புரோக்கருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் நாம்தானே. ஆனால் அதே 2016 அறிவிக்கையில் ஒரு வரி இருக்கிறது. தானியங்கி முறைக்கும் தொழில்நுட்பத்துக்கும் ஆகும் செலவை ஈடுகட்ட மாநிலங்கள் கூடுதல் தொகை வசூலித்துக்கொள்ளலாம். ஆக, 300 என்பது தரை. கூரை எங்கே என்று சொல்லப்படவில்லை.

பணம் உள்ளவர்களுக்கு வேறு வாசல் திறந்தாகிவிட்டது. 2021 ஜூன் மாதம் வந்த விதிகளின்படி, அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையத்தில் படித்துத் தேறினால் ஆர்.டி.ஓ.விடம் ஓட்டிக் காட்ட வேண்டியதே இல்லை. காருக்கு 29 மணி நேரப் பயிற்சி, நான்கு வாரத்துக்குள். சிமுலேட்டர், வகுப்பறை, தனி ஓட்டுதளம் எல்லாம் உண்டு. பயிற்சி என்ற அளவில் இது நல்லது, 29 மணி நேரம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். ஆனால் அதை நடத்துவது தனியார், கட்டணமும் அவர்கள் கையில். மையம் தொடங்க ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில், தாம்பரத்தைச் சுற்றி, ஏக்கர் கணக்கில் நிலம் யாரிடம் இருக்கிறது? 1891இல் இதே செங்கல்பட்டின் ஆட்சியர் டிரமென்கீர் எழுதிய அறிக்கையால்தான் பஞ்சமி நிலம் என்று ஒன்று வந்தது. 1994 அக்டோபர் 10 அன்று, காரணையில் பறிபோன பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய நம் தோழர்கள் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். நிலம் பறிக்கப்பட்டவரின் பேரன் தேர்வுத் தளத்தில் கால் நடுங்கி நிற்பான். நிலம் வைத்திருப்பவர் மையம் திறப்பார். அவர் கொடுக்கும் சான்றிதழுக்குத் தேர்விலிருந்தே விலக்கு.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். சாலையில் செத்துக்கொண்டிருக்கிறார்களே? உண்மைதான். 2022இல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள். உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்தபடி நாட்டிலேயே இரண்டாவது இடம். வேளச்சேரி - தாம்பரம் சாலையில் இரவு பத்து மணிக்கு ஒரு தடவை ரோட்டைக் கடந்து பாருங்கள், புரியும். தேர்வைத் தளர்த்துங்கள் என்று நான் கேட்கவில்லை. இன்னும் கடுமையாக்குங்கள், பணம் மட்டும் வாங்காதீர்கள் என்கிறேன். கட்டணம் ஏறினால் ஓட்டும் திறன் ஏறாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறவர்கள்தான் கூடுவார்கள். அப்படிப் பிடிபட்டால் 5,000 ரூபாய் அபராதம். வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 5,000. 2019 சட்டத் திருத்தத்தில் வந்த இந்தத் தொகைகள் 2022 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கின்றன. மேடவாக்கம் கூட்டுச்சாலையில் வண்டிகளை நிறுத்தும்போது, பெரும்பாக்கம், கண்ணகி நகர், செம்மஞ்சேரி என்று முகவரி சொன்னால் விசாரணை எவ்வளவு நீளும் என்பதை எங்கள் பையன்களிடம் கேளுங்கள்.

பாதுகாப்பு என்ற பெயரில் நம்மை வெளியே நிறுத்திய விதிகள் முன்பும் இருந்தன. 2019 வரை, வணிக வாகனம் ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம். எட்டாவது தேறாதவர் நன்றாக ஓட்ட மாட்டார் என்று யார் கண்டுபிடித்தார்கள்? ஹரியானா அரசு மேவாத் பகுதியின் ஏழை ஓட்டுநர்களுக்காகக் கேட்ட பிறகு அந்த விதி நாடு முழுக்க நீங்கியது. சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட வணிக வாகனம் ஓட்டலாம் என்ற 2017 தீர்ப்பை, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. இவர்களால்தான் விபத்து கூடுகிறது என்று காட்ட எந்தத் தரவும் முன்வைக்கப்படவில்லை என்பதை நீதிமன்றமே குறிப்பிட்டது. எங்கள் தம்பி குட்டி யானை ஓட்ட இனி தனி பேட்ஜ் தேவையில்லை என்பது அந்தத் தீர்ப்பின் பலன். ஒரு கார் லைசென்ஸ் போதும். அந்த ஒன்றுதான் கிடைக்கவில்லை.

இடஒதுக்கீட்டோடு இதற்குள்ள தொடர்பை நம் இயக்கங்கள் போதுமான அளவு பேசவில்லை என்பது என் குறை. 2025 மார்ச்சில் அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் 3,274 ஓட்டுநர் - நடத்துநர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. இனச்சுழற்சி உண்டு, பட்டியல் சாதிக்கு இடம் உண்டு. ஆனால் விண்ணப்பிக்க கனரக வாகன உரிமமும் 18 மாத அனுபவமும் வேண்டும். கனரக எல்.எல்.ஆர். கேட்க, கார் லைசென்ஸ் வாங்கி ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். பிறகு மறுபடி எல்.எல்.ஆர். 150, தேர்வு 50, ஓட்டும் தேர்வு 300, புதிய வகையைச் சேர்க்க 500. டிரைவிங் ஸ்கூலின் பயிற்சிச் சான்றிதழும் கட்டாயம்; அதற்கு ஆயிரக்கணக்கில் ஆகும். ஏணியின் உச்சியில் இடஒதுக்கீடு இருக்கிறது, முதல் படியில் டிக்கெட் கவுன்டர் இருக்கிறது.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் தேர்வுக் கட்டணம் கட்டுவதில்லை. ஆதரவற்ற விதவைகளும் மாற்றுத்திறனாளிகளும் கட்டுவதில்லை. பிற்படுத்தப்பட்டோருக்கும் மூன்று முறை விலக்கு உண்டு. பேனா பிடிக்கும் தேர்வுக்கு உள்ள நியாயம் ஸ்டீயரிங் பிடிக்கும் தேர்வுக்கு ஏன் இல்லை? ஒன்றிய அரசின் விதி, எங்கள் கையில் இல்லை என்று மாநில அரசு சொல்லலாம். விதியைத் திருத்த முடியாவிட்டாலும் பணத்தைக் கட்ட முடியும். அந்த 300 ரூபாயைத் தாட்கோ கட்டட்டும். எதிர்க்கட்சிகளும் ஆளும் கட்சியும் சேர்ந்து சட்டமன்றத்தில் ஒரு மானியக் கோரிக்கையில் முடிக்கக்கூடிய விஷயம் இது. பிரான்சில் 2005 முதல், இளைஞர்கள் லைசென்ஸ் பயிற்சிக்கு வட்டியில்லாக் கடன் பெற்று மாதத் தவணையில் அடைக்கும் திட்டம் நடக்கிறது. நாளுக்கு ஒரு யூரோ என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். வண்டி ஓட்டத் தெரிவது வேலை கிடைப்பதோடு சேர்ந்தது என்பதை ஒரு முதலாளித்துவ அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. சமூகநீதி அரசு என்று சொல்லிக்கொள்கிறவர்கள் அதைவிட ஒரு படி மேலே போகலாம்.

என்னைக் கேட்டால் கட்டண விலக்கைவிட அவசரமானது வண்டி. ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் அரசின் சொந்தக் கார் ஒன்று, டபுள் கண்ட்ரோல் வைத்து, தேர்வுக்காகவே நிற்க வேண்டும். தேர்வுக்கு முந்தைய நாள் அதில் ஒரு மணி நேரம் பழக விட வேண்டும். முதல் மறுதேர்வுக்குக் கட்டணம் கூடாது. எதில் தவறினார் என்று தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். தாம்பரம் மாநகராட்சியாகி, 2021இல் பல்லாவரமும் பம்மலும் அனகாபுத்தூரும் செம்பாக்கமும் அதில் சேர்ந்தாகிவிட்டது. இவ்வளவு பெரிய ஊரில் ஞாயிற்றுக்கிழமை பொதுமக்கள் வண்டி பழக ஒரு திடலைக் கோடு போட்டு ஒதுக்குவது மாநகராட்சியால் முடியாத காரியம் அல்ல. இதை எல்லாம் எழுதி ஒரு மனு தயாரித்திருக்கிறோம். போக்குவரத்து ஆணையருக்கு ஒன்று, ஆதிதிராவிடர் நலத்துறைக்கு ஒன்று, மாநகராட்சிக்கு ஒன்று. பெரும்பாக்கத்தில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறோம். முதல் இரண்டு பிளாக்கிலேயே, டெஸ்டில் ஃபெயில் ஆகி அப்படியே விட்டுவிட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தனிப் பக்கம் போட வேண்டியிருந்தது. நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கும் தம்பிதான் அந்தக் கணக்கையும் எழுதுகிறார்.

அவருடைய 60 நாள் அடுத்த மாதம் முடிகிறது. எல்.எல்.ஆர். காலாவதியாக அதன் பிறகு 11 நாள்தான் இருக்கும். அதற்குள் ஸ்லாட் கிடைக்க வேண்டும். முதலாளி ஒருவழியாக இறங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானால் குட்டி யானையை எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். டெஸ்ட் வேலை நாளில்தான் நடக்கிறது.